பர்மிங்காமில் முறைத்துக்கொண்டு திரிவது எப்படி

ஹெவி மெட்டல் பிறந்த ஊருக்குப் போகிறீர்கள். ஆஸ்டன் பகுதிப் பையன்கள் நாலு பேர் 1968-இல் கூடி ஆரம்பித்த பிளாக் சபத்தின் ஊர். ஆகவே ரயில் ஏறும்போதே முகத்தை உம்மென்று வைத்துப் பழகுங்கள். கறுப்பு டி-சர்ட் இரண்டு போதும், அழுக்குத் தெரியாது. மழை ஊர் என்பதால் குடையும் கறுப்பிலேயே இருக்கட்டும்.

நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலேயே முதல் சோதனை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஓர் இயந்திரக் காளை நிற்கும். 2022 காமன்வெல்த் விளையாட்டுக்காகச் செய்தது. ஜனங்கள் ஓட்டுப்போட்டு அதற்கு சபத் பாடகர் ஆஸியின் பேரை வைத்துவிட்டார்கள். தலையாட்டும், வாலாட்டும். குழந்தைகள் அதைப் பார்த்துக் கையசைக்கும். நீங்கள் விரல்களைக் கொம்பாக நீட்டிவிட்டு விறுவிறுவென்று நடையைக் கட்டுங்கள்.

பக்கத்திலேயே ஸ்டேஷன் ஸ்ட்ரீட்டில் கிரௌன் பப். சபத் ஆரம்பத்தில் வாசித்த இடம், 2014-இல் மூடினார்கள். கதவு சாத்தியிருந்தால் வருந்த வேண்டாம், படம் இன்னும் நன்றாக விழும்.

பார்க்க இடமே இல்லாத கதை ஒன்று உண்டு, அதுதான் மூலஸ்தானம். சபத்தின் கிதார்க்காரர் டோனி அயோமிக்குப் பதினேழு வயதில் தகரப் பட்டறையில் வேலை. கடைசி நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிப் போகவில்லை என்றார். ஒத்துக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். அன்றைக்கே இயந்திரம் வலது கையில் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோயிற்று. இடதுகைக்காரர், தந்தியை அழுத்துவது வலது கைதான். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவ பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு வாசித்தார். வலிக்காமலிருக்கத் தந்திகளைத் தளர்த்தவும் செய்தார். சுருதி இறங்கியது, சத்தம் கனத்தது. இந்தச் சத்தத்துக்குச் சாத்தான்தான் காரணம் என்று உங்களிடம் எவராவது பேச வந்தால் அந்த பாட்டிலைப் பற்றிச் சொல்லுங்கள்.

பிராட் ஸ்ட்ரீட்டில் கால்வாய்ப் பாலம் ஒன்றுக்கு பிளாக் சபத் என்றே பேர். நாலு பேர் முகத்தோடும் அங்கே 2019-இல் பெஞ்சு போட்டார்கள். நரகத்தைப் பாடியவர்களுக்கு ஊர் செய்த மரியாதை, கால்வலிக்கு உட்கார ஓர் இடம்! ஆஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலை 5-இல் வில்லா பார்க்கில் கடைசியாகப் பாடி, 22-இல் இறந்தார். சவ ஊர்வலம் இந்தப் பாலத்தில் நின்றுதான் போனது. இங்கே மட்டும் முறைப்பு தளரலாம். கறுப்புக் கண்ணாடி உதவும்.

லாட்ஜ் ரோட்டில் அவர் வளர்ந்த வீட்டில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள். மணியடித்து உபத்திரவம் செய்யாதீர்கள்.

2023-இல் பர்மிங்காம் ராயல் பாலே சபத் பாட்டுகளுக்கு பாலே ஆடியது. மறுபடி எங்காவது போட்டால் போங்கள். முறைப்புக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஸ்பார்க்புரூக், ஸ்பார்க்ஹில் பக்கம் போங்கள். பாகிஸ்தானிலிருந்து குடியேறியவர்கள் 1970-களில் அங்கே பிரபலமாக்கிய பால்டி என்ற கறி, சமைத்த மெல்லிய எஃகுச் சட்டியோடேயே கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வரும். கூடவே மேசையை அடைத்துக்கொண்டு ஒரு நான் ரொட்டி. அதை ஒற்றை ஆளாகச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். கண்ணுக்கு மை தீட்டிப் போகிறவர்கள் கைக்குட்டையும் எடுத்துப்போகவும், காரத்தில் கரைந்துவிடும்.