பிரதான அட்டைதாரன்

கும்பகோணத்தில் நான் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் என் தகப்பனார் பெயரில் ஒரு பற்று நோட்டு இருந்தது. பாட்டி, அத்தை, கோடை விடுமுறைக்கென்று வந்து ஆடி மாதம் வரையில் தங்கிவிட்ட மாமா, எட்டு வயதுப் பாலகனாகிய நான் ஆகிய சகலரும், எந்த நேரத்திலும் அந்தக் கடைக்குப் போய், "அப்பா கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றோ "அத்திம்பேர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றோ சொல்லி, வேண்டியதை வாங்கிவரும் பாத்தியதை பெற்றிருந்தோம். நான் வாங்கியது பெரும்பாலும் கமர்கட்டு. ஆனால் அந்த நோட்டில் கமர்கட்டு என்ற வார்த்தை ஒரு தடவைகூட இடம்பெற்றதில்லை. தயாள குணம் மிகுந்த கடைக்காரர் அதைத் துவரம்பருப்பு என்றே எழுதிவந்தார். மாதம் பிறந்து கணக்குத் தீர்க்கும் வேளையில், "நம் வீட்டில் பருப்பு எப்படித்தான் இவ்வளவு செலவாகிறதோ!" என்று என் தகப்பனார் ஆச்சரியப்பட்டு, மாமா சாய்ந்திருக்கும் திண்ணைப் பக்கமாக ஒரு பார்வை பார்ப்பார்.

இந்தப் பழங்கதையை இப்போது நான் பிரஸ்தாபிப்பதற்குக் காரணம், வினைப்பயன் என்று பெரியவர்கள் சொல்லும் சமாசாரம் வங்கி மூலமாகவும் வந்து சேரும் என்பதைச் சமீப வருஷங்களில் நான் அனுபவபூர்வமாக அறிந்திருப்பதுதான்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கையில், வங்கியிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்து, என் கிரெடிட் கார்டுக்குத் துணையாக மூன்று 'ஆட்-ஆன்' கார்டுகளை என் குடும்பத்தாருக்கு முற்றிலும் இலவசமாகக் கொடுக்கச் சித்தமாயிருப்பதாகச் சொன்னாள். அவள் பேசிய அரைமணி நேரத்தில் என் மனத்தைக் கவர்ந்தது 'இலவசம்' என்ற சொல் அல்ல. "நீங்கள்தான் சார் பிரதான அட்டைதாரர்" என்று அவள் சொன்னதுதான். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் உதவி, துணை, இணை என்ற அடைமொழிகளை ஒவ்வொன்றாகக் கடந்துவந்தவனேயல்லாமல், 'பிரதான' என்ற விசேஷணம் என் பெயருக்கு முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. பெண்டாட்டிக்கு ஒன்று, அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த மகளுக்கு ஒன்று, பதினெட்டு வயது நிறைந்து கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கப் போயிருந்த பையனுக்கு ஒன்று என்று, படிவத்தில் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

பிரதானம் என்பதன் பொருள் பிற்பாடுதான் விளங்கிற்று. ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட கார்டு விதிகளில், துணை அட்டைகளைப் பிரதான அட்டைதாரர் குறிப்பாகச் சுட்டிக்காட்டும் நபர்களுக்கு மட்டுமே வழங்கலாம் என்றும், அவற்றால் உண்டாகும் கடனுக்குப் பொறுப்பாளி பிரதான அட்டைதாரரே என்றும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருக்கிறது. அதாவது, கைகாட்டுவதும் நான், கட்டுவதும் நான். நடுவில் நடக்கும் காரியத்தில்தான் எனக்குச் சம்பந்தமில்லை. ஹிந்துக் கூட்டுக்குடும்பத்தின் கர்த்தாவுக்குப் பொறுப்போடு நிர்வாக அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தது பழைய சாஸ்திரம். வங்கியோ பொறுப்பை மாத்திரம் பிரித்தெடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அதிகாரத்தை மூன்றாகப் பங்கிட்டுத் தபாலில் அனுப்பிவைத்தது.

இத்தனைக்கும் எங்கள் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என் மனைவிதான். நான் அதில் வெறும் உறுப்பினன். சர்க்காரிடம் தலைவியாக இருப்பவள் வங்கியிடம் துணையாவதா என்று அவள் முதலில் சற்றே யோசித்தாள். 1974-இல் சம கடன் வாய்ப்புச் சட்டம் வருவதற்கு முன்னால், அமெரிக்காவிலேகூடக் கலியாணமான பெண்கள் சொந்தப் பெயரில் கடன் அட்டை வாங்குவது அரிதாயிருந்தது, பெரும்பாலும் புருஷன் கணக்கில்தான் வாங்க முடிந்தது என்று என் மகள் ஒரு சரித்திரப் பிரசங்கம் செய்தாள். அதைப் பொறுமையாகக் கேட்ட என் மனைவி, "பில் யாருக்கு வரும்?" என்று ஒரே கேள்வி கேட்டாள். எனக்கு வரும் என்று தெரிந்ததும், துணையாயிருப்பதில் தனக்கு ஆட்சேபமில்லை என்று அட்டையை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அட்டையின் முதுகில் ஓடும் அந்தக் கறுப்புக் காந்தப் பட்டையை, ஐ.பி.எம். கம்பெனியின் எஞ்சினீயர் ஃபாரஸ்ட் பாரி என்பவர் எந்தப் பசையாலும் பிளாஸ்டிக்கில் ஒட்டவைக்க மாட்டாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது, துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவிதான் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பார்க்கும்படி யோசனை சொன்னாள் என்று கூறுவார்கள். அந்த விருத்தாந்தத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே உண்டாகவில்லை.

நான்கு அட்டைகளுக்கும் சேர்த்து இரண்டு லட்சம் ரூபாய் வரம்பு. ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த வீட்டில் பொதுக் கிணறு ஒன்று இருப்பதைப்போல, முதலில் எழுந்தவன் தெளிந்த நீர் இறைத்துக்கொள்ள, கடைசியில் வருபவனுக்குச் சேறு கிடைக்கும் ஏற்பாடு அது. பையனின் கல்லூரிக் கட்டணமும் மகள் தோழிகளோடு அந்தமான் போவதற்கு எடுத்த விமான டிக்கெட்டுகளும் ஒரே வாரத்தில் விழுந்த ஒரு மாதத்தில், மருந்துக் கடையில் என் இரத்த அழுத்த மாத்திரைக்காக நான் நீட்டிய அட்டையை, வரம்பு போதவில்லை என்று இயந்திரம் திருப்பித் தள்ளிற்று. என் பின்னால் நின்றவர் அனுதாபத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சொந்தக் கிணற்றில் தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத பிரதானனை அவர் முன்பின் கண்டதில்லை போலும்.

பணம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போகும்போதெல்லாம் அது என்னிடம் சொல்லிக்கொண்டு போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. எந்த அட்டையை யார் எங்கே தேய்த்தாலும் அடுத்த நொடியில் என் கைபேசி கிணுகிணுக்கும். இன்ன அட்டை, இன்ன தொகை, இன்ன கடை என்று செய்தி வரும். எமதர்மராஜனின் சபையில் சித்திரகுப்தன் ஏடும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருப்பதைப்போல நான் ஹாலில் உட்கார்ந்தபடியே, மகள் பழைய மகாபலிபுரம் சாலையில் பெட்ரோல் போட்டதையும், பையன் காலைப் பலகாரத்தை விட்டுவிட்டுப் பதினொன்றரை மணிக்குப் பரோட்டா சாப்பிட்டதையும் அறிந்துகொண்டிருந்தேன். சித்திரகுப்தனுக்காவது தண்டனை கொடுக்க ஓர் எஜமானன் உண்டு.

அந்தச் செய்திகளில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. கடையின் பெயர்ப்பலகையில் உள்ள பெயர் ஒன்று, வங்கியில் பதிவாகியிருக்கும் பெயர் வேறொன்று. ஒரு சனிக்கிழமை, குக்கருக்கு ரப்பர் வளையம் ஒன்று வாங்கிவருவதாகச் சொல்லி என் மனைவி பாண்டி பஜாருக்குப் போயிருந்தாள். சற்றைக்கெல்லாம், அவளுடைய அட்டையில் ஒரு விவசாயப் பொருள் ஏற்றுமதிக் கம்பெனிக்கு ரூ. 6,870 போயிருப்பதாகச் செய்தி வந்தது. எங்கள் குடும்பத்தில் ஏற்றுமதி வியாபாரம் செய்பவர் எவரும் இல்லை. அவளை அழைத்தால் எடுக்கவில்லை. திருட்டுத்தான் என்று தீர்மானித்து, வங்கியின் தொலைபேசியில் ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, பதினாறு இலக்கங்களையும் அழுத்தி, ஒரே வாத்திய இசையை ஆறு முறை கேட்டு, கடைசியில் அகப்பட்ட இளைஞனிடம், "ஒன்று விடாமல் எல்லா அட்டைகளையும் நிறுத்துங்கள்!" என்று கர்ஜித்தேன். அவனும் அவ்விதமே செய்தான்.

அந்த க்ஷணத்தில் என் மகள், வண்டியில் முழு டாங்கு பெட்ரோல் நிரப்பிவிட்டு அட்டையை நீட்டிக்கொண்டிருந்தாள். என் பையன், பிறந்த நாள் விருந்தென்று எட்டுப் பேரைக் கூட்டிப்போய், அவர்கள் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு பில்லை வரவழைத்திருந்தான். என் மனைவியோ, பாத்திரக் கடையிலிருந்து புடவைக் கடைக்குப் போய், மூன்று புடவைகளை எடுத்து, விற்பனைப் பெண் அவற்றை மடித்துப் பைக்குள் போட்ட பிறகு, பணம் செலுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பழைய குக்கருக்கு ஏற்ற வளையம் இப்போது வருவதில்லையாம். ஆகையால் புதுக் குக்கரே வாங்கிவிட்டாளாம். அந்தப் பாத்திரக் கடைக்காரரின் தகப்பனார் நிலக்கடலை ஏற்றுமதி செய்தவராம். கம்பெனிப் பெயரை மாற்றப் பிள்ளைக்கு மனம் வரவில்லையாம். இவ்வளவும் எனக்கு அன்று சாயங்காலம், குழம்பு இல்லாத சாப்பாட்டின்போது தெரியவந்தது. புது அட்டைகள் வந்து சேர ஏழு நாட்கள் ஆயின.

'ஓ.டி.பி.' என்னும் உபத்திரவத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. இணையத்தில் கார்டு மூலம் வாங்குவதற்கு இரண்டாவது சரிபார்ப்பு ஒன்று வேண்டும் என்று 2009 ஆகஸ்டு முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. ஜாக்கிரதையான ஏற்பாடுதான். ஆனால் எங்கள் வங்கி, துணை அட்டைகளுக்கு உரிய எண்ணையும் என் கைபேசிக்கே அனுப்புகிறது. இரவு பதினொன்றே முக்காலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு வரும். பதறி எழுந்து எடுத்தால், சௌக்கியமா என்றில்லை, தூங்கிவிட்டீர்களா என்றில்லை, "அப்பா, நம்பர் வந்துதா?" என்பான். கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அந்த எண்ணுக்கு ஆயுள் முடிந்துபோகும்; மறுபடியும் ஒன்று வரவேண்டும். இந்த எண்ணை எவரிடமும் தெரிவிக்காதீர்கள் என்று செய்தியின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே, மாடிக் குடித்தனக்காரருக்கும் காதில் விழும்படியாக, "நாலு... ஏழு... ஏழு..." என்று நான் கத்துவேன்.

இப்படியாக மற்றவர்களின் கணக்கை எழுதிக்கொண்டிருந்த சித்திரகுப்தனுக்கும் ஓர் ஏடு உண்டு என்பதை நான் மறந்திருந்தேன். மாதாந்தரப் பட்டியலை அட்டை வாரியாகப் பிரித்து வங்கி மின்னஞ்சலில் அனுப்பும். என் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை நான் எப்போதோ தொலைத்துவிட்டபடியால், படிவத்தில் மகளுடைய முகவரியைக் கொடுத்திருந்தேன். அவளும் வெகுநாள் அதைத் திறந்து பார்க்காமல்தான் இருந்தாள். ஒருநாள் திறந்தாள்.

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து நான்கு வருஷமாகிறது. வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் நாலரை மணிக்குக் கபாலீசுவரரைத் தரிசிக்கப் போகும் நான், தரிசனம் ஆனபின் தெற்கு மாட வீதியில் ஒரு கடைக்குள் நுழைந்து, வாழையிலைத் துண்டில் நூறு கிராம் அல்வா சாப்பிடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டிருந்தேன். அட்டையை இயந்திரத்தின்மேல் தொட்டால் போதும், ஐயாயிரம் ரூபாய் வரையில் ரகசிய எண்கூடக் கேட்பதில்லை என்ற சௌகரியம் வேறு. மற்றக் கடைகளெல்லாம் மாறுவேஷத்தில் வரும் அந்தப் பட்டியலில், என் கடை மாத்திரம் 'ஸ்வீட்ஸ்' என்ற பட்டத்தோடு, வியாழன் தவறாமல், ரூ. 120, ரூ. 120 என்று பட்டவர்த்தனமாக நின்றது. கும்பகோணத்துக் கடைக்காரராயிருந்தால் 'மருந்து' என்று எழுதியிருப்பார்.

என் மனைவி பிறந்த ஊர் திருநெல்வேலி. நான் வியாதியை மறந்ததைவிட, மதராஸில் கிண்டும் பசையை அல்வா என்று நம்பிச் சாப்பிட்டதே அவளை அதிகம் புண்படுத்தியதாகத் தோன்றிற்று. துணை அட்டைகளுக்குப் பிரதானர் தனித்தனியாக வரம்பு விதிக்கலாமென்றால், பிரதானருக்குத் துணைகள் வரம்பு விதிக்க வழி உண்டா என்று மகளிடம் விசாரித்தாள். வங்கியில் அப்படியோர் ஏற்பாடு இல்லை என்று மகள் சொன்னாள்.

"வங்கியில் இல்லாவிட்டால் போகிறது" என்று என் மனைவி என் அட்டையை வாங்கி, அஞ்சறைப் பெட்டியில், சர்க்கரைக்கு நல்லதென்று நான் தினமும் விழுங்கும் வெந்தயத்தின் கிண்ணத்துக்கு அடியில் வைத்து மூடினாள்.

மூன்று வாரமாக அட்டை அங்கேதான் இருக்கிறது. செய்திகள் மட்டும் வழக்கம்போல எனக்கு வந்துகொண்டிருக்கின்றன. நேற்று வியாழக்கிழமை, கோயிலுக்கு அவள் தனியாகப் போனாள். நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணி நாற்பது நிமிஷத்துக்குக் கைபேசி கிணுகிணுத்தது. அவளுடைய அட்டை, தெற்கு மாட வீதி, என்னுடைய அதே கடை, ரூ. 120.

ஐந்தேகாலுக்கு வீடு திரும்பினாள். பையில் ஒரு கீரைக்கட்டும், கொத்துமல்லியும், பிரசாதக் குங்குமமும் இருந்தன, வேறொன்றும் இல்லை. "கோயிலில் ஏக கூட்டம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

செய்தியை அழித்துவிட்டு, கீரையை ஆய உட்கார்ந்தேன்.