கொக்கரக்கோவுக்கு யு/ஏ சான்றிதழ்

இங்கிலீஷில் ‘காக்’ என்ற வார்த்தைக்கு முதல் அர்த்தம் சேவல். இரண்டாவது அர்த்தத்தைப் பச்சையாக எழுத எனக்கு அனுமதி இல்லை, நன்னூல் படித்தவன். சபையில் சொல்லக் கூசுவதைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்து, ‘கால் கழுவி வந்தேன்’ என்று உதாரணமும் கொடுத்து, அதைப் பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாகவும் கேட்ட மரபு நம்முடையது. ஆகவே, ஆதாமுக்கு உண்டு, ஏவாளுக்கு இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்கா மகன் நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்தவன். முப்பது வயசு, பெரிய வேலை, சின்ன லீவு. அவன் வந்திருந்த சமயம் எங்கள் வீட்டில் பாத்ரூம் வேலை நடந்துகொண்டிருந்தது. ஹாலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். பிளம்பர் வந்து, வாங்க வேண்டிய சாமான் பட்டியலை வாசித்தார். (சாமான் என்ற சொல்லுக்கும் ஒரு இரண்டாவது அர்த்தம் உண்டு, அது வேறு கட்டுரை.)

“வாஷ் பேசினுக்கு பில்லர் காக் ஒண்ணு சார். அதுக்குக் கீழ ஆங்கிள் காக் ரெண்டு. குளிக்கிற எடத்துல லாங் பாடி பிப் காக்…”

லாங் பாடியில் பையன் முகம் சிவந்தது. பிளம்பர் நிறுத்தவில்லை.

“மொட்டை மாடி டேங்க்ல பால் காக் போயிடுச்சு. சும்மா சொட்டிக்கிட்டே இருக்கு. அதையும் மாத்திடுவோம்.”

மோர் மூக்கு வழியாக வந்தது. “தம்பிக்குப் பொரை ஏறிடுச்சு, தலைல தட்டுங்க சார்” என்றார் பிளம்பர், பாவம், உண்மையான கவலையோடு.

“மாமா, இதுல ஒண்ணு சொன்னாலே எங்க ஆபீஸ்ல ஹெச்.ஆர். கூப்பிட்டு அனுப்பும்” என்றான் பிறகு.

சாயங்காலம் இன்னொரு சோதனை. கீழே ஷட்டில் ஆடிக்கொண்டிருந்த ரிடையர்டு பேங்க் மேனேஜர், விபூதி வேர்வையில் கரைய, “காக் பிஞ்சு போச்சு, புதுசு எடுங்க!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பையன் பால்கனியை விட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பிளம்பர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பேன். மூடித் திறக்கும் குழாய்க்கு இந்தப் பெயர் வந்து ஐந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அந்த மற்ற அர்த்தம் பரவலாக எழுத்தில் தலைகாட்டுவது அதற்குப் பிறகுதான். அதுவே குழாயிலிருந்துதான் கிளைத்திருக்கும் என்பது அகராதிக்காரர்கள் பலருடைய ஊகம். இந்த ஊகத்துக்கு ஆக்ஸ்போர்டு வரை போயிருக்க வேண்டியதில்லை.

சேவலுக்கு இந்தப் பெயர் வைத்தது சேவலேதான். இங்கிலீஷில் காக், பிரெஞ்சில் கோக், சமஸ்கிருதத்தில் குக்குடம், நமக்குக் கொக்கரக்கோ. விடியற்காலையில் கூரை மேல் ஏறித் தன் பெயரைத் தானே கூவிய பறவை, ஆயிரக்கணக்கான வருஷம் கழித்து அமெரிக்காவில் ஒரு சிக்கல் வரும் என்று எதிர்பார்த்திருக்க முடியாது.

18ஆம் நூற்றாண்டில் அந்தச் சிக்கல் வந்தது. அங்கிருந்த ஆசாரசீலர்கள் சேவலை ‘ரூஸ்டர்’ ஆக்கினார்கள். ராத்திரியில் கொம்பில் அடைவது என்று பொருள். கோழியும்தான் கொம்பில் அடைகிறது. அதை யாரும் கேட்கவில்லை. அதோடு விட்டார்களா? வைக்கோல் குவியலுக்கு ‘ஹேகாக்’ என்று பேர். அவர்கள் வாயில் அது ‘ஹேஸ்டாக்’ ஆனது. காற்றின் திசை காட்டும் ‘வெதர்காக்’ போய் ‘வெதர்வேன்’ வந்தது. ‘லிட்டில் விமன்’ எழுதிய லூயிசா மே ஆல்காட்டின் அப்பா பிறந்தது ஆல்காக்ஸ் என்ற குடும்பப் பெயரோடு. வளர்ந்த பிறகு அவர் அதை ஆல்காட் என்று மாற்றிக்கொண்டார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கரப்பான்பூச்சி வழக்கு. ஸ்பானிஷ்காரர்கள் அதை ‘குகராச்சா’ என்றார்கள். வர்ஜீனியாவில் குடியேறிய கேப்டன் ஜான் ஸ்மித் 1624-ல் வந்த தன் புத்தகத்தில் ‘ககரூச்’ என்பது போல ஏதோ எழுதிவைத்தார். வாய்க்கு வசதியாக ஜனங்கள் அதைக் ‘காக்ரோச்’ ஆக்கினார்கள். ஆக, பூச்சிக்குள் சேவலே கிடையாது. அப்படியிருந்தும் பின்னால் வந்தவர்கள் முன்பாதியை வெட்டி ‘ரோச்’ என்றார்கள். ரோச் என்று ஏற்கெனவே ஓர் ஆற்றுமீன் இருந்தது. பூச்சியின் மானத்தைக் காப்பாற்றப் போய் மீனின் பெயரைக் கெடுத்ததுதான் மிச்சம்.

ஆனால் 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்தை, அதுவும் எல்லாரையும்விடப் பெரிதாக, போட்டவர் ஜான் ஹான்காக். இன்றைக்கும் அங்கே “இங்கே உங்கள் ஜான் ஹான்காக்கைப் போடுங்கள்” என்றால் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே எவருக்கும் மோர் மூக்கில் ஏறுவதில்லை. தென் கரோலினா பல்கலைக்கழக விளையாட்டு அணியின் பெயர் ‘கேம்காக்ஸ்’, அதாவது சண்டைச் சேவல்கள். ரசிகர்கள் அந்தப் பெயரின் பின்பாதியை மட்டும் தொப்பியில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார்கள்.

ஹான்காக் போன்ற குடும்பப் பெயர்களில் வரும் காக் ஒரு செல்ல ஒட்டு. ஹிட்ச் என்பது ரிச்சர்டின் சுருக்கம். ஹிட்ச்காக் என்றால் ரிச்சர்டுக்குட்டி. உலகத்தையே பாத்ரூமில் தனியாகக் குளிக்கப் பயப்பட வைத்த மனிதர், பெயரளவில் ஒரு செல்லக்குட்டி.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சொல்லக் கூசும் அதே சங்கதிக்கு நம் கிழவிகளும் கோழிக் குடும்பத்திலிருந்துதான் பெயர் எடுத்தார்கள். அதே சொல்லைச் செல்லப் பெயராகவும் வைத்தார்கள். வித்தியாசம் அளவில்தான். இங்கிலீஷ்காரன் கொண்டையோடு கூவும் முழுச்சேவலைத் தேர்ந்தெடுத்தான். நாம் ‘குஞ்சு’ என்று சொல்லிவிட்டு அடக்கமாக இருந்துவிட்டோம். அதற்காகக் கோழிக்குஞ்சை யாரும் பெயர் மாற்றவில்லை. எங்கள் தெருவில் குஞ்சு மாமா என்று ஒருவர் இருந்தார். ஆறடி உயரம், முறுக்கு மீசை, போலீஸ் உத்தியோகம். அவர் பெயரைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. சிரித்திருக்கலாம், அவருக்கு முன்னால் இல்லை.

கூச்சம் வந்தால் நாம் சமஸ்கிருதத்துக்கோ இங்கிலீஷுக்கோ ஓடுவோம். இங்கிலீஷ்காரன் லத்தீனுக்கு ஓடுவான். டாக்டர்கள் கூசாமல் சொல்லும் ‘பீனிஸ்’ லத்தீன்தான். ஆதியில் அதற்கு அர்த்தம் வால். இந்த நல்ல வார்த்தை இப்படிக் கெட்டுப்போயிற்றே என்று சிசரோ தன் நண்பர் ஒருவருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். ஆக, ரோமாபுரியில் கெட்ட வார்த்தை, கிளினிக்கில் கௌரவமான வார்த்தை.

இந்த இடத்தில் காக்டெயிலை நினைத்துப் பாருங்கள். முன்பாதி சேவல், பின்பாதி வால். சிசரோவின் கணக்குப்படி ஒரே சங்கதியை இரண்டு தடவை சொல்லும் வார்த்தை. 1806-ல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று, சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்புச்சாறு சேர்ந்தது இது என்று அச்சில் விளக்கமே கொடுத்திருக்கிறது. வைக்கோலையும் கரப்பானையும் விடாத ஆசாரசீலர்கள் இதை மட்டும் ‘ரூஸ்டர்டெயில்’ ஆக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர்களுக்கும் கூச்சம் கொஞ்சம் குறைந்துவிடும் போலிருக்கிறது.