மூலைக் கட்டம்

1991இல் மதுரையில் ஒரு மொத்த நூல் வியாபாரியிடம் குமாஸ்தாவாக இருந்தேன். மாதக் கடைசியில் என் வேலை கோடு போடுவது. இடப்பக்கம் ஊர்கள், மேலே நூல் ரகங்கள், நடுவில் பென்சிலில் தொகைகள். நெடுக ஒரு கூட்டல், குறுக்கே ஒரு கூட்டல். இரண்டும் வலது மூலைக் கட்டத்தில் வந்து சேரவேண்டும். சேராத நாளில் யாருக்கும் வீடு கிடையாது.

ஹெட் கிளார்க் வித்தியாசம் எவ்வளவு என்று மட்டும் கேட்பார். தொண்ணூறு என்றால், "ஒன்பதால வகுபடுது. எங்கயோ இலக்கத்த மாத்திப் போட்டிருக்கே தம்பி" என்பார். தேடினால், ஓரக் கூட்டலில் 540ஐ 450 என்று எழுதியிருப்பேன். அவரை மந்திரவாதி என்றே நினைத்திருந்தேன். ஆனால் பில்லிலிருந்து தப்பாக எடுத்தெழுதிய தொகை இருக்கிறதே, அது இரண்டு பக்கமும் சமமாகத் தப்பி, ஒழுங்குப்பிள்ளையாக டேலியாகிவிடும். அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம்.

அதே 1991இல் லோட்டஸ் நிறுவனம் நெக்ஸ்ட் கணினிக்காக இம்ப்ரூவ் என்றொரு மென்பொருளை வெளியிட்டது. குறுக்கே இருப்பதை இழுத்து நெடுக விட்டால் அட்டவணையே திரும்பிக்கொள்ளும். நாங்கள் அப்போது புது ரப்பர் கேட்டு முதலாளிக்குச் சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது எக்செல்லில் பிவட் டேபிள். ஊரை ஒரு பெட்டிக்கு இழு, ரகத்தை இன்னொன்றுக்கு, தொகையை 'வேல்யூஸ்' பெட்டிக்கு. மூலைக் கட்டம் கேட்காமலே டேலி.

போன மாதம் முதலாளியின் மகன் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "திண்டுக்கல்லுக்கு 31 ரூபாய்க்கா வித்தோம்?" மேலே 'கவுண்ட் ஆஃப் அமவுண்ட்' என்றிருந்தது. தொகை வரவேண்டிய இடத்தில் எங்காவது ஒரு எழுத்து கிடந்தால் போதும், எக்செல் கூட்டாமல் பில்களை எண்ண ஆரம்பித்துவிடும். புதிதாகச் சேர்ந்த பெண் 'சம்' என்று மாற்றினாள்.

அடுத்து சராசரி கேட்டார். தேனி, கரூர் இரண்டை மட்டும் வைத்தோம். தேனிக்கு 10,000, கரூருக்கு 5,000. கீழே மொத்தச் சராசரி 6,000. அவர் செல்போனில் தட்டினார்: 7,500. "மெஷின் தப்பு." தேனிக்கு 2 பில், கரூருக்கு 8. தாளை எடுத்து, 20,000மும் 40,000மும் கூட்டிப் பத்தால் வகுத்துக் காட்டினேன். "பென்சில்ல போட்டா சரியாத்தான் வருது" என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் எல்லா ஊர்களையும் திரும்ப வைத்து 'சம்' போட்டபோது, மொத்தத் தொகை விற்பனைப் பதிவேட்டைவிட 12,600 குறைந்தது. ஒன்பதால் வகுபடுகிறது! எனக்குள் ஹெட் கிளார்க் எழுந்து உட்கார்ந்தார். இலக்கம் மாறியிருக்கிறது என்று அறிவித்து, அரை மணி நேரம் பில் கட்டுகளைப் புரட்டினேன்.

அந்தப் பெண் திண்டுக்கல் மொத்தத்தின் மேல் இரண்டு முறை க்ளிக் செய்தாள். அதற்குப் பின்னால் இருந்த 31 வரிகளும் தனித் தாளாக வந்து விழுந்தன. ஒரு வரியில் தொகை 12,600. அதற்கு நேர் கீழே, எண் இல்லாமல் ஒற்றை எழுத்து: 'ஷை'.

"சார், ஷைன்னா என்ன?"

மேற்படி என்று அர்த்தம் சொன்னேன். அன்றைக்கு அவள் லீவு, பில் போட்டது நான் என்பதைச் சொல்லவில்லை.