ரிப்பீட்டருக்கு ஆடித் தள்ளுபடி

இன்று காலை பாதி முகம் ஷேவ் செய்திருந்தபோது போன் வந்தது. “சார், நீங்க கேட் ரிப்பீட்டர்தானே?” என்றது ஒரு பெண் குரல். வணக்கம் இல்லை, எங்கிருந்து பேசுகிறேன் என்பது இல்லை. ஆமாம் என்றேன். “எங்க ரிப்பீட்டர்ஸ் பேட்சுக்கு ஆடி ஆஃபர் போயிட்டிருக்கு சார். இந்த மாசமே சேர்ந்தீங்கன்னா ஃபீஸ்ல முப்பது பர்சன்ட் கம்மி. ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வந்தா இன்னும் பத்து.”

ஆடித் தள்ளுபடி எதற்குப் போடுவார்கள் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். போன தீபாவளிக்கு வந்து இன்னும் விற்காமல் கிடக்கும் சரக்கைத் தள்ளிவிடுவதற்கு. அவர் கணக்கில் அந்தச் சரக்கு நான். ரிசல்ட் வந்த அன்று இரவு வரை என் மார்க்கை நான் அம்மாவிடமே சொல்லவில்லை. இந்த அம்மணிக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யாராவது விசாரித்தால் தேவலை.

மார்க்கைப் பற்றி விரிவாகப் பேசுவதாக இல்லை. கேட் என்பது இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு: 65 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம். தப்பாக டிக் அடித்தால் ஒரு மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மார்க் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கும் பிடித்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது போக மிஞ்சியதுதான் வந்தது. க்வாலிஃபை ஆனவர்களுக்குத்தான் ஸ்கோர் கார்டே தருவார்கள் என்று யாரோ அப்பாவிடம் சொல்லப்போக, பையன் பாஸ் என்று அவர் திருச்சி அத்தை வரைக்கும் செய்தி அனுப்பிவிட்டார். அந்த ஸ்கோரை வைத்துக்கொண்டு ஐஐடி மெட்ராசுக்குள் மான் பார்க்கப் போகலாம். அதற்கும் வாட்ச்மேன் மனது வைக்க வேண்டும். இந்த அழகில் அந்த ஸ்கோர் 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகுமாம். எந்த மானக்கேட்டுக்கும் இத்தனை நீண்ட வாரண்டி நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு மிக்சிக்குக்கூட இரண்டு வருஷம்தான்.

முதலில் இந்த ஆடி விவகாரத்தை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

ஆடியில் யாராவது படிக்க ஆரம்பிப்பார்களா? கல்யாணம் பேசமாட்டார்கள், புது வீடு போகமாட்டார்கள், புதுப் பெண்ணைக்கூடப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். நான் மட்டும் தெர்மோடைனமிக்ஸ் தொடங்க வேண்டுமாம். ஆடிப்பெருக்கன்று ஆரம்பித்தால் பெருகும் என்கிறார் அம்மா. பெருகட்டும்; எதைப் பெருக்குவது என்பதுதான் கேள்வி. போன தடவை வந்த மார்க்கை இரண்டால் பெருக்கினாலும் போதாது.

அப்படியானால் மார்ச்சிலேயே தொடங்கியிருக்கலாமே என்பீர்கள். ரிசல்ட் வரும்போது பங்குனி பிறந்திருக்கும். வருஷக் கடைசி மாதம். கடை கண்ணியில் கணக்கு முடிக்கிற நேரத்தில் நாம் கணக்கு ஆரம்பிப்பது முறையா? சித்திரை ஒன்று, புது வருஷம், புதுப் பஞ்சாங்கம், அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அன்றைக்குக் காலையில் மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். சாப்பிட்ட பிறகு எவனாலும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிக்க முடியாது. பிறகு அக்னி நட்சத்திரம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மே மாதம் உட்கார்ந்து ஹீட் டிரான்ஸ்ஃபர் படித்தவன் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள், காலில் விழுகிறேன். வைகாசி முழுக்க முகூர்த்தம். சின்ன மாமா பெண் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “தம்பி என்ன பண்றாரு?” என்று கேட்டார். “கேட்டுக்குப் படிக்கிறான்” என்றார் அப்பா. “எந்த கேட்டுக்கு?” என்றார் அவர். சாம்பாருக்கு அப்புறம் நான் எழுந்துவிட்டேன்.

ஆனியில் ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் டைம் டேபிள் போட்டேன். நாலு நிற ஸ்கெட்ச் பேனா, ஸ்கேல், கோடு போடாத பெரிய தாள். இன்ஜினியரிங் மேத்தமேடிக்சுக்குப் பச்சை, ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்சுக்குச் சிவப்பு, ஆப்டிட்யூடுக்கு மஞ்சள், ரிவிஷனுக்கு நீலம். ரிவிஷனுக்கு ஒதுக்கிய நீலம் கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. சுவரில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தால், பாதி படித்து முடித்த மாதிரி ஒரு திருப்தி. இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பீரோ கதவின் உள்பக்கத்தில் செல்லோடேப் தழும்பு இருக்கும்.

ஆவணி வரட்டும் என்றால், விநாயகர் சதுர்த்தி. பிள்ளையார் சுழி போடாமல் எழுதுவதில்லை என்பவர்கள் பிள்ளையாரே வரும்போது படிக்காமல் இருக்க முடியாதுதான், ஆனால் தெருமுனைப் பந்தலில் மைக்செட்காரர் அப்படி நினைப்பதில்லை. புரட்டாசியில் கொலுவுக்குப் படி கட்ட என் புத்தகங்களைத்தான் அடியில் கொடுப்பேன், கனமாக இருக்கின்றன. சரஸ்வதி பூஜை நான் மனதார மதிக்கிற பண்டிகை. அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது. வருஷத்தில் அந்த ஒரு நாள் நான் படிக்காமல் இருப்பதை வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை. விஜயதசமி அன்று எடுத்துப் படித்தே தீர வேண்டும். படிப்பேன், ஒரு பக்கம். அதற்கு மேல் படிக்கச் சொல்லி எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. ஐப்பசியில் தீபாவளி, அடைமழை, கரண்ட் இல்லை. மார்கழி விடியற்காலைதான் படிக்க உத்தமமான நேரம், நாலரை மணிக்கே முழிப்பும் வந்துவிடும், ஏனென்றால் கோயில் ஸ்பீக்கர் என் ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது. தை பிறந்தால் வழி பிறக்கும். பரீட்சையும் பிறக்கும்: பிப்ரவரி வாரக் கடைசிகள்.

மாதத்தை விடுங்கள், கிழமை? திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம். எட்டே முக்காலுக்கு அம்பத்தூர் கம்பெனி பஸ். செவ்வாய் வெறுவாய். பொன் கிடைத்தாலும் கிடைக்காத புதன்கிழமைகளில் எனக்கு நைட் ஷிப்ட் கிடைக்கிறது. அடுப்படிச் சுவரில் ஒரு நகைக்கடை கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன் போட்டிருக்கும். மேஷத்துக்கு வரவு, ரிஷபத்துக்கு சுகம். பரீட்சை அன்று காலையில் அம்மா தாளைக் கிழித்துவிட்டு எதுவும் சொல்லாமல் எனக்கு இட்லி வைத்தார். பார்த்தேன். என் ராசிக்கு ‘மறதி’. மூன்று மணி நேரப் பரீட்சை முழுக்க அந்த ஒரு சொல் மட்டும் மறக்கவில்லை.

நாளின் மேல் பழி போடுகிறான் என்று நினைக்க வேண்டாம். பரீட்சை வைக்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்து, அதன்பின் லேத் பக்கத்திலேயே நின்று வேலை பார்க்கிறவனிடம், காகிதத்தை இப்படி மடித்து அப்படி மடித்து மூலையில் ஓட்டை போட்டால், பிரித்த பிறகு ஓட்டை எங்கே இருக்கும் என்று கேட்கிறார்கள். ஆப்டிட்யூட், 15 மார்க். நான் வெளியே போய் ஒரு பஞ்சிங் மெஷினை எடுத்துவந்து ஓட்டை போட்டே காட்டுவேன், அதை ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். 2021 முதல் இன்னொரு வகைக் கேள்வி சேர்ந்திருக்கிறது. நாலு விடையில் எத்தனை சரியோ அத்தனையும் டிக் அடிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பூஜ்யம். நெகடிவ் இல்லை என்று ஆறுதல் வேறு.

கால்குலேட்டரும் அப்படித்தான். கல்லூரியில் நாலு வருஷம் என் வலது கையாக இருந்த காசியோ 991 எம்.எஸ். உள்ளே வரக்கூடாது. திரையில் ஒரு கால்குலேட்டர் வரும். கீபோர்டைத் தொட முடியாது, ஒவ்வொரு எண்ணையும் மவுசால் குத்த வேண்டும். சைன் முப்பது வேண்டுமென்றால் முதலில் முப்பது, பிறகு சைன். கை பழக்கத்தில் சைனை முதலில் குத்தினால் பூஜ்யத்துக்கு சைன் போட்டுக் கொடுக்கும். இதற்கு வீட்டில் பயிற்சி எடுக்கிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தால், மேட்ச் ஸ்கோர் பார்க்கிறான் என்கிறார் அப்பா. அதுவும் பார்ப்பேன், அது வேறு விஷயம்.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நான் மறுபடி எழுதப்போகிறேன் என்பது தெரிந்ததிலிருந்து, முன்னால் எழுதியவர்கள் எல்லோரும் தங்கள் மெட்டீரியலை என் தலையில் கட்டுகிறார்கள். பக்கத்து ஃப்ளாட் அண்ணன், அவருடைய மச்சான், மச்சானின் ரூம்மேட். ஜெராக்ஸ் நோட்ஸ், ஸ்பைரல் பைண்டிங் போட்ட பழைய வினாத்தாள், முதல் பத்துப் பக்கத்துக்கு மட்டும் மஞ்சள் ஹைலைட்டர் அடித்த பி.கே.நாக்கின் தெர்மோடைனமிக்ஸ். குர்மியின் தியரி ஆஃப் மெஷின்ஸ் மட்டுமே ஒரு தட்டு முழுக்க அடுக்கியிருக்கிறேன், எல்லாம் ஒரே புத்தகம். யாரும் வீசிவிட மனசில்லாமல்தான் என்னிடம் கொடுக்கிறார்கள், படிப்பான் என்று அல்ல. எங்கள் வீட்டில் இனி இடமில்லை. உங்களிடம் குர்மி இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்கே போடுங்கள். கிலோவுக்கு அவர் என்ன கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள், என்னைக் கூப்பிடாதீர்கள்.