பன்னிரண்டாமவர் இயல்

வத்தளையில் யாரை நிறுத்திக் கேட்டாலும், 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் ஆடிய பதினொருவரையும் சனத் தொடங்கி முரளி வரை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார். உலகக் கிண்ணத்துக்குப் போன குழுவிலோ பதினான்கு பேர். மிச்ச மூவர் யார் என்று கேளுங்கள். நீர்கொழும்பு வீதி பஸ்களின் ஹோர்ன்தான் பதில் சொல்லும். (மார்வன் அத்தபத்து, உபுல் சந்தன, ரவீந்திர புஷ்பகுமார.) இந்த மறதியை ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் முன்வராதபடியால் அப்பொறுப்பை யாமே தலைமேற்கொண்டோம்.

முதலில் இலக்கணம். தொல்காப்பியர் வகுத்த சொற்களுள் பன்னிரண்டாமவர் இடைச்சொல்லின் பாற்படுவார்: தனித்து இயங்கமாட்டார், பெயரையோ வினையையோ ஒட்டியே வருவார். கிரிக்கெட் விதிகளில் 24ஆவதும் இதற்கு முரண்படவில்லை. பதில் களத்தடுப்பாளர் பந்து வீசக்கூடாது, தலைமை தாங்கக்கூடாது, நடுவர்கள் சம்மதித்தாலொழிய விக்கெட் காக்கக்கூடாது. தண்ணீர் சுமப்பதற்கு மட்டும் தடையில்லை. அதற்குத் தகுதி உச்சவரம்பும் கிடையாது: 2019 ஒக்டோபரில் கன்பராவில் இலங்கையுடன் மோதிய பிரதமர் பதினொருவர் அணிக்குப் போத்தல் கொண்டு ஓடியவர், அவுஸ்திரேலியப் பிரதமர் ஸ்கொட் மொரிசனேதான்.

இனிக் கற்பனை மதிப்பு. கைத்தொலைபேசியில் அணி கட்டும் அன்பர்கள் அறிந்த ட்ரீம்11 முறையில், பதினொருவரில் பெயர் வந்தாலே 4 புள்ளி. ஒரு பிடிக்கு 8. பதில் களத்தடுப்பாளர் பாய்ந்து விழுந்து எடுக்கும் பிடிக்குப் பூச்சியம். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வந்தால் கதை வேறு. 2019இல் லோர்ட்ஸில் ஸ்மித்தின் இடத்துக்கு வந்த லபுஷேன் 59 ஓட்டம் அடித்து இடத்தையே பட்டா எழுதிக்கொண்டார். வெறும் பதிலாளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இக்கணக்கு கேரி பிராட்டிடம் முறிகிறது. வாழ்நாளில் ஒரு டெஸ்ட் கூட ஆடாத இந்த மனிதர், 2005 ஓகஸ்டில் ட்ரென்ட் பிரிட்ஜில் பதிலாளாக நின்று, 48 ஓட்டங்களில் இருந்த ரிக்கி பொன்டிங்கை ரன் அவுட் ஆக்கினார். ஆத்திரத்தில் வாயை விட்ட பொன்டிங்குக்குப் போட்டிச் சம்பளத்தில் 75 வீதம் அபராதம். அடுத்தவர் சட்டைப்பையை இவ்வளவு காலி செய்தவரின் பெறுமதி பூச்சியம் என்றால் எந்தக் கணக்காளர் ஒப்பமிடுவார்? குர்ஷரன் சிங்கின் வழக்கு இன்னும் பாவம். 1983இல் அகமதாபாத்தில் மேற்கிந்தியருக்கு எதிராகப் பதிலாளாக 4 பிடி எடுத்தார். ஒன்றும் அவர் ஏட்டில் ஏறவில்லை. சொந்தப் பெயரில் டெஸ்ட் ஆட 1990 வரை காத்திருந்தார், அதுவும் ஒன்றே ஒன்று.

ஆடத் தெரியாதவனைத்தானே வாங்கில் இருத்துவார்கள் என்பது பூர்வபட்சம். 1928இல் சிட்னியில் பன்னிரண்டாமவராக இருந்தவர் டொன் பிரட்மன் என்பதோடு அது அடிபட்டுப்போகிறது. அத்தபத்துவும் சாட்சி: லாகூர் இறுதியாட்டத்தின்போது அவருடைய 6 டெஸ்ட் இன்னிங்ஸ்களின் கூட்டுத்தொகை 1 ஓட்டம். பின்னர் 6 இரட்டைச் சதங்களும் அணித்தலைமையும் வந்தன.

கள ஆய்வுக்கு வருவோம். ஹெந்தளை, மாபோலை ஒழுங்கைகளின் மென்பந்து ஆட்டத்தில் மிஞ்சிப்போன பையனை நடுவராக்கிவிடுவது மரபு. எல்பிடபிள்யூ இல்லாத ஊரில் நடுவருக்கு வேலை குறைவு. ஆகவே மதில் தாண்டிய பந்தை மீட்பதும் அவன் தலையிலேயே விழுகிறது. “ஆன்டி, போல் உள்ள விழுந்திருச்சு” என்று குழைவதற்கு இருக்கும் திறமை கவர் ட்ரைவ் அடிப்பவனிடம் இல்லை.

எனவே யாம் முன்மொழியும் அட்டவணை: தண்ணீருக்கு 1, பதில் பிடிக்கு 8, மதிலுக்கு 10. சிங்களத்திலும் தமிழிலும் மன்னிப்புக் கேட்க வல்லவனுக்கு, கப்டனுக்குப் போல, இரட்டிப்பு. நாய் வளர்க்கும் வீடானால் மேலும் 12. ஆனால் அந்தப் புள்ளிகள் பந்து, பையன் இரண்டும் திரும்பி வந்த பிறகே வரவு வைக்கப்படும்.