மந்திரிக்கணும்தான், யாருக்கு?

மருமவனே, தங்கா பத்து ஊர் முழுக்க ஒரே பேச்சு, ஒம் மவன் காய்கறியைக் கண்டா காத தூரம் ஓடுறானாமே. மந்திரிக்கணுமான்னு வேற கேட்டியாம். மந்திரிக்கலாம். யாருக்குங்கிறதுதான் யோசனை.

ஒட்டுக்கடையில நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிச்சியே, உள்ள ரெண்டே ரெண்டு வெள்ளரித் துண்டு. அதையும் சுண்டு வெரலால ஓரங்கட்டி வெளிய தள்ளுனே. பயல் பார்த்தான். அவன் பொட்டலத்துலயும் அதே வெரல், அதே தள்ளு. அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கான்!

2019-ல சுகாதார அமைச்சு நாடு முழுக்க ஆய்வு எடுத்துச்சு. காய்கறி பழம் போதுமான அளவு திங்காத பெரியவங்க நூத்துக்கு 95 பேராம். பெரியவங்க, மருமவனே. 'சூக்கு சூக்கு செப்பாரோ'ன்னு போஸ்டர் ஒட்டிச் சொல்றாங்க: தட்டுல பாதி காய்கறியும் பழமும், காவாசி சோறு, காவாசி மீனோ கோழியோ. ஒந் தட்டுல பாதி சோறு, மீதியும் சோறு.

ஒம் பொஞ்சாதி கெட்டிக்காரி. கங்கோங் தின்னா ஐஸ்கிரீம்ங்கிறா. கூலி குடுத்துத் திங்கச் சொன்னா சரக்கு மட்டம்னு பயலுக்குத் தெரியாதா? அமெரிக்காவுல 1984-லயே சின்னப் புள்ளைங்ககிட்ட சோதிச்சுட்டாங்க. பரிசு குடுத்துக் குடிக்க வச்ச பானத்து மேல புள்ளைங்களுக்கு இருந்த ஆசையும் கொறைஞ்சுதான் போச்சு.

அரைச்சு மைலோவுல ஒளிச்சுக் குடுக்கிற யோசனையும் இருக்காமே. வேலியோரம் நிக்கிற சாயூர் மானிஸைப் பச்சையா அரைச்சுடாதீங்க. ஒடம்பு எளைக்கும்னு அந்தச் சாறைக் குடிச்சு 1990-கள்ல தைவான்ல பல பேருக்கு நுரையீரலே கெட்டுப்போச்சு. நல்லா வதக்கி, முட்டை ஒடைச்சு ஊத்திப் பிரட்டு, போதும்.

கீரை ஆயுற வேலையைப் பயல்கிட்ட விடு. காம்பை ஒடிக்கட்டும், பாதியைத் தரையில எறைக்கட்டும். வெந்ததும் ஒரு நுனி வாயில வைப்பான், துப்புவான். துப்பட்டும். பத்துப் பதினஞ்சு தரம் வாயில பட்டாத்தான் சில புள்ளைங்களுக்கு ஒரு காய் பழகும். நீ ரெண்டாம் தரமே ரோத்தானைத் தேடுறே.

அடுத்தது வயித்துல இருக்காமே, சந்தோசம். பிலடெல்பியாவுல ஒரு ஆய்வு, 2001-ல வந்துச்சு. மாசமா இருந்தப்ப கேரட் சாறு குடிச்ச தாய்மாரோட புள்ளைங்க, கேரட் கலந்த கூழுக்கு அவ்வளவா மூஞ்சி சுளிக்கலியாம். பேத்தி படிச்சுச் சொன்னா. ஆனா சாறு வாங்கிக் குடுத்தாப் போதும்னு நழுவிடாதே.

இந்த வாரம் பாசார் மாலாம்ல ரெண்டு கட்டு கங்கோங் வாங்கு. ஒரு கட்டு ஒனக்கு. அதைத் தின்னுட்டு வா, அப்புறமா பயலைப் பத்திப் பேசுவோம்.