ஆர்எக்ஸ்காரர்

காரைக்காலில் ஆர்எக்ஸ்காரர் என்பவர் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை வைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு நாளைக்கு நான்கு பேரிடமாவது சொல்லாமல் தூங்காதவர். வண்டி இருந்தும் பேச்சு இல்லாதவரை இந்த வகையில் சேர்ப்பதில்லை. வண்டியை விற்றுப் பத்து வருஷமாகியும் பேச்சு நிற்காதவரைத் தாராளமாகச் சேர்க்கலாம். அவர் "நம்ம கையில ஒண்ணு இருந்திச்சு" என்று ஆரம்பிப்பார், டீ ஆறிவிடும்.

வண்டியின் வரலாறு சின்னது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானின் யமஹாவோடு கூட்டுச் சேர்ந்து 1985இல் கொண்டுவந்தது, 1996இல் நிறுத்தியது. 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைத்திறன், நான்கு கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக், எடை நூறு கிலோவை ஒட்டி. அதே காலத்தில் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று சொல்லிக் குடும்பஸ்தர்களின் திண்ணையில் ஏறியது. ஆர்எக்ஸ் அதில் பாதி கொடுத்தால் புண்ணியம். ஆனால் முதல் கியரில் திருகினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும். அப்பாவுக்கு சிடி 100, மகனுக்கு ஆர்எக்ஸ் என்று பல வீடுகள் இரண்டுபட்டது இந்த இடத்தில்தான்.

இந்த மோகம் காரைக்காலுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1964இல் வந்த போன்டியாக் ஜிடிஓ தொடங்கி 'மசில் கார்' என்று ஒரு வம்சமே உண்டு. நடுத்தரக் காருக்குள் பெரிய இன்ஜினைத் திணித்து, ஓட்டுபவர் முதுகு சீட்டில் ஒட்டும்படி பாய வைப்பதுதான் அதன் சூத்திரம். 1970இன் ஷெவர்லே ஷெவெல்லில் 450 குதிரைத்திறன் வரை கிடைத்தது. புகைக் கட்டுப்பாடும், இன்ஷூரன்ஸ் கட்டணமும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அந்த வம்சத்தை முடித்தன. இங்கேயும் டூ ஸ்ட்ரோக்கை ஓரங்கட்டியது புகை விதிதான். அங்கே 450, இங்கே 11. மீசை முறுக்குவதில் மட்டும் வித்தியாசம் தெரியாது.

இனி வாழிடம். காரைக்கால் மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல் என்று அமைந்த புதுச்சேரித் துண்டு. வடக்கே பூவத்தில் கிளம்பி மூன்றாவது கியர் போட்டு, நான்காவதுக்கு மனசு வைப்பதற்குள் தெற்கே வாஞ்சூர் வந்துவிடும்; அதற்கப்புறம் நாகூர், வேறு மாநிலம். நடுவில் ஊருக்குள் பாரதியார் சாலை; அதில் ஆட்டோ, மீன்கூடை, திருநள்ளாறு போகும் வெளியூர் வேன்கள். ஆகவே பேய் வேகத்துக்குப் பேர்போன ஒரு வண்டி இங்கே பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கிறது. பெட்ரோல் மட்டும் பக்கத்து நாகப்பட்டினத்தைவிட விலை குறைவு. மைலேஜ் பற்றி யாராவது கேட்டால் அவர் காட்டுவது அந்த விலைப் பலகையைத்தான்.

ஆர்எக்ஸ்காரரில் மூன்று வகை உண்டு. முதல் வகை, ஷோரூமில் வாங்கியவர். வயது அறுபதைத் தொட்டிருக்கும். பில்லைப் பாலிதீன் கவரில் போட்டு, நிலப்பத்திரத்தோடு பீரோவில் வைத்திருப்பார். மூன்றாம் வகை, வண்டி நின்றுபோன 1996க்குப் பிறகு பிறந்த பையன். தான் பிறக்காத காலத்தை நினைத்து ஏங்குவான். சுவாரசியமானது நடு வகை. சித்தப்பா பிரான்ஸ் குடியுரிமையில் பாரீஸ் போகும்போது கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் போட்டுவிட்டுப் போன வண்டியை எடுத்துச் சரிபண்ணியவர் இவர். பதினோரு மாதம் வண்டி இவருடையது. ஆகஸ்டு லீவில் சித்தப்பா வந்து இறங்கியதும், "என் வண்டி எப்படிடா இருக்கு?" என்பார். செலவழித்த லட்ச ரூபாயை மென்று விழுங்கிக்கொண்டு இவர் சாவியை நீட்டவேண்டும். அந்த மாதம் முழுக்க இவர் ஸ்கூட்டியில் போவார்.

ஆர்எக்ஸ்காரரின் மந்திரம் 'ஒரிஜினல்'. டீக்கடை வாசலில் இப்படி நடக்கும்:

"அண்ணே, கம்பெனி கண்டிஷனா?"

"எல்லாம் ஒரிஜினல் தம்பி. கையே வைக்கல."

கையே வைக்காத வண்டியின் நிலவரம் இது. பிளாக் நான்கு முறை போர் அடித்து, கால் மில்லி, அரை, முக்கால், ஒன்று என்று எல்லா ஓவர் சைஸ் பிஸ்டனும் பார்த்து, கடைசியில் ஸ்லீவ் மாற்றப்பட்டது. நான்கு கியர் பெட்டி இருந்த இடத்தில் ஆர்எக்ஸ் 135இன் ஐந்து கியர் பெட்டி. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், வேறொரு கம்பெனியுடையது. இண்டிகேட்டர்கள் விடைபெற்றுவிட்டன. டேங்க் மயில்நீலம்; ஆர்சி புத்தகத்தில் நிறம் கறுப்பு. டேங்கின் ஓரத்தில் 'மேட் இன் ஜப்பான்' ஸ்டிக்கர். அது சென்னையில் வாங்கியது. இத்தனைக்கும் அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு வண்டியின் ஒரிஜினல்தான். அமெரிக்காவில் இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் ஒத்துப்போகிற காருக்குத் தனி விலை கொடுப்பார்கள். அந்த வழக்கம் இங்கே வந்தால் பல நட்புகள் முறியும்.

பாகம் தேடுவது இந்த வாழ்க்கையின் யாத்திரை. எழும்பூர் போகும் ரயிலில் இரவு ஏறி, விடிந்ததும் இறங்கிப் புதுப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம் என்பது ஆர்எக்ஸ்காரர்களுக்கு ரயில்வே செய்த பேருதவி. ஒரு ஜப்பான் ஹெட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவார். கிடைத்ததைச் செய்தித்தாளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புவார். வீட்டில் கேட்டால் அது ஐந்நூறு ரூபாய். சொல்லும் விலைக்கும் கொடுத்த விலைக்கும் நடுவே ஒரு சைபர் எப்போதும் காணாமல் போகும்.

பட்டறையில் ஆர்எக்ஸ்காரர் வேறு ஆள், குரல் தணிந்துவிடும். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். அந்த அரை நிமிஷம் யாரும் பேசுவதில்லை. பிறகு "கிராங்க் சத்தம் வருது" என்பார். இவர் முகம் வாடும். "இல்ல, ரிங்குதான்" என்றால் உயிர் திரும்பும். ரிங் சில நூறு ரூபாய், கிராங்க் சில ஆயிரம்.

மாற்றங்களில் முதல் இடம் சைலன்சருக்கு. தவறான புரிதலிலும் முதல் இடம் அதற்கே. டூ ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் நுழைவதும், எரிந்த புகை வெளியேறுவதும் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள் வழியாகத்தான். பிஸ்டனே மேலும் கீழும் போய் அவற்றைத் திறந்து மூடும். புகைத் துளையில் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் நழுவி வெளியேறும். சைலன்சரின் வயிற்றுப் பகுதி விரிந்து பிறகு குறுகும் விதத்தில் ஒரு அழுத்த அலை திரும்பி வந்து, நழுவியதை மறுபடி உள்ளே தள்ளும். அந்த வயிற்றின் நீளமும் அகலமும் கணக்குப் போட்டு வைத்தவை. நம்மவர் அதைப் பாதியில் அறுத்துவிடுகிறார். சத்தம் இரண்டு மடங்காகும், இழுவை குறையும். சத்தம் கூடியதால் வேகமும் கூடியதாகவே அவருக்குத் தோன்றும். லேத்தில் கொடுத்துப் போர்ட்டை, அதாவது அந்தத் துளையை, உயரமாகக் கடைவது இன்னொரு ஆசை. இன்ஜின் உச்சத்தில் சுழலும்போது அதனால் பலன் உண்டுதான். ஆனால் மார்க்கெட் நெரிசலில் முக்கி முக்கிப் போகும்போது உச்சம் எங்கிருந்து வரும்? சிலர் ஆயில் பம்பையும் அடைத்துவிட்டு, பெட்ரோலில் டூ டி ஆயிலைக் கைப்பக்குவமாக ஊற்றுவார்கள். குறைந்தால் பிஸ்டன் ஜாம். கூடினால் புகை, அந்தப் புகையைப் பார்த்துக் கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று தெருப்பிள்ளைகள் ஓடி வருவதுண்டு.

எல்லா மாற்றத்தையும் தின்பது உப்புக்காற்று. குரோம் பூசிய மட்கார்டில் வாரத்துக்கொரு செம்புள்ளி கிளம்பும். விடிகாலையில் ஆர்எக்ஸ்காரர் கைலியை மடித்துக் கட்டி, பனியன் வேஸ்ட்டில் எண்ணெய் தொட்டு, ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகத் துடைப்பார். அதே நேரத்தில் வீட்டுக்குள் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க ஆள் வரச் சொல்லியிருப்பார். மாங்கனித் திருவிழா அன்று வண்டி கூடத்துக்குள் ஏற்றப்படும். பிச்சாண்டவர் ஊர்வலத்தில் மாடியிலிருந்து இறைக்கும் மாங்கனி பக்தர் தலையில் விழுந்தால் பாக்கியம். டேங்கில் விழுந்தால் டிங்கரிங் செலவு.

மாலைதான் தரிசன நேரம். அரசலாற்றை ஒட்டிய கடற்கரைச் சாலையில் வண்டி வந்து நிற்கும். நிறுத்துவதற்கும் முறை உண்டு. சைடு ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரத்தை லேசாகத் திருப்பி, பிளக் அருகிலுள்ள ஃபின்கள் சாலைக்குத் தெரியும்படி வைக்கவேண்டும். உரிமையாளர் அதன்மேல் உட்காரமாட்டார். பத்தடி தள்ளி நின்று கடலைப் பார்ப்பார். யாராவது நெருங்கினால் கடலை விட்டுவிடுவார். "குடுக்குறதா இருந்தா சொல்லுங்கண்ணே" என்று கேட்டால் "குடுக்குறதுக்கில்ல" என்பதுதான் பதில். ஆனால் எவ்வளவுக்குக் கேட்டான் என்பது அன்றிரவே தெருவுக்குத் தெரிந்துவிடும். நல்ல நிலையிலுள்ளது இப்போது லட்சத்தைத் தாண்டிப் போகிறது. யாரும் கேட்காத மாலைகளில் காரணமில்லாமல் ஒரு கிக் அடித்து, இரண்டு முறை முறுக்கி அணைப்பார். "ஓடாம இருந்தா பேட்டரி போயிடும்" என்பது யாரும் கேட்காத கேள்விக்கு விளக்கம்.

பதிவெண்ணிலும் உள்ளூர் நுட்பம் உண்டு. கூட்டுத்தொகை எட்டு வந்தால் சனி என்று மற்ற ஊர்களில் ஒதுங்குவார்கள். திருநள்ளாறு கூப்பிடு தூரத்தில் இருக்கும் காரைக்காலில், எட்டு வைத்திருப்பவர் சனீஸ்வரனே காவல் என்கிறார். எட்டு இல்லாதவர் தப்பித்தோம் என்கிறார். இரண்டு பேருக்குமே மாதம் ஒருமுறை பிளக் போகிறது.

சட்டம் இந்த உயிரினத்தை அன்போடு பார்ப்பதில்லை. 1988இன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வருஷத் திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். மேலே சொன்ன பட்டியலைக் கூட்டினால் இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். போலீஸ்காரர் நிறுத்தும்போது ஆர்எக்ஸ்காரர் சொல்வது டீக்கடையில் சொன்னதேதான்: "எல்லாம் கம்பெனி ஃபிட்டிங் சார்." பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கொருமுறை ஆர்சி புதுப்பிக்கவேண்டும். அன்று மட்டும் அறுக்காத சைலன்சர் ஒன்று, யாரோ ஒரு நண்பரிடமிருந்து இரவல் வந்து மாட்டிக்கொள்ளும். சாயங்காலம் திரும்பிப் போய்விடும்.

இவர்களின் பெரிய கனவு வின்டேஜ் பதிவு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். ஆர்எக்ஸ் 100இல் மூத்தவற்றுக்கு அந்த வயது 2035இல் நிறைகிறது. சேஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த எண் பெற்ற வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி. கடற்கரைக்குப் போய் நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்புவது இவற்றில் எதில் சேரும் என்று விதியில் சொல்லப்படவில்லை.